குறைத்து எழுதிய இரண்டு வயது

வயதைக் குறைத்துச் சொல்லும் பெண்களைப் பற்றி ஊருக்குள் ஆயிரம் கேலி உண்டு. வயதைக் கூட்டிக் கொடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு வரிசையில் நின்ற பெண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா? பெரியவள் நின்றாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பதிவறை ஜன்னலுக்கு முன்னால், காலை ஷிப்டை முடித்த கையோடு, வீங்கிய முழங்கால்களோடு கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பெரியவள் என்றால் ஏதோ மூப்பு என்று நினைக்க வேண்டாம். பத்து நிமிஷம் பெரியவள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் வந்தவள் சின்னவள். இருவரும் இதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள். இதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் பெரியவள் முப்பத்திரண்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கோ இருபத்தாறு. மனு எழுதித் தருபவர் பேனாவை உதறிக்கொண்டே, "ரெண்டு வயசைக் குறைச்சுப் போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

இப்போது சலவைக்கூடத்தை மூடுகிறார்கள். ஊருக்கு வெளியே பதினோரு ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே ஆலை வந்துவிட்டது. ஒரு முனையில் அழுக்குத் துணியைப் போட்டால் மறுமுனையில் மடித்தே வருகிறதாம். ஐம்பத்தெட்டு முடிந்தவர்கள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். முடியாதவர்கள் அந்த ஆலைக்கு மாற்றல். இரண்டு பஸ் மாறிப் போய், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அழுக்கைப் பிரிக்க வேண்டும். எந்தத் துணிக்குள் ஊசி கிடக்கிறது என்று மெஷினுக்கு இன்னும் தெரியவில்லை. பெரியவளுக்கு நிஜத்தில் ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. காகிதத்தில் ஐம்பத்தாறு. இருபது வருஷம் விரிப்பின் எதிர்முனையைப் பிடித்து அவளோடு மடித்த ஜோடிக்காரி, வயதை ஒழுங்காக எழுதிச் சேர்ந்த புண்ணியவதி, போன மாதமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெரியவளுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. உட்கார வேண்டும். யாரும் எழுந்திரு என்று சொல்லாத ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குத்தான் இந்த வரிசை.

பதிவறை எழுத்தர் வாயில் பெப்பர்மிண்டை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர். அரசாங்கம் அந்த வருஷம் மட்டும் ஒரு சலுகை கொடுத்திருந்தது. எல்லாப் பழைய பதிவேடுகளும் கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருந்ததால், தப்பாக வயது எழுதியவர்கள் வந்து திருத்திக்கொள்ளலாம், ஏன் பொய் சொன்னாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்தர் பெரியவளுடைய அம்மாவின் பெயரைத் தட்டினார். ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கம் மஞ்சளாகத் திரையில் வந்தது. ஒரே வரியில் எழுதியிருந்தது: பெண் ஒன்று, பெண் இரண்டு.

"ரெட்டையா? அப்போ அவங்களும் வரணுமேம்மா."

"அவ எதுக்குங்க? எனக்குத்தானே திருத்தணும்?"

"ஒரே வரிசை எண்ணு. ஒருத்தர் மட்டும் வந்தா கம்ப்யூட்டர் அந்த வரியைத் திறக்காது. ரெண்டு பேரும் வந்து கட்டைவிரல் வைக்கணும்."

"அவ நாலு மாசத்துலயே வேற வீட்டுப் பிள்ளை ஆயிட்டாளே."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரே தொட்டில்லதான் கிடக்கறீங்க," என்றார் எழுத்தர். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள வந்துடுங்க. அதுக்கப்புறம் ஜன்னலை மூடிடுவோம்."

நாலு மாதத்தில் நடந்தது இதுதான். அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளுக்குப் போதுமான பால் இல்லை. பெரியம்மாவுக்குப் பிள்ளையே இல்லை. வெளியூரிலிருந்து வந்த பெரியம்மா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்று வீட்டைத் தூக்கி எறிகிற மாதிரி அழுதுகொண்டிருந்தது. இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் ஒரு ராத்திரி பயணம் இருக்கிறதே என்று தூங்கினதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் மட்டும் பழமொழி தலைகீழாகப் போயிற்று. அழாத பிள்ளை பால் குடித்தது, படித்தது, பதினாலாவது மாடியில் வீடும் வாங்கியது. பெரியவளுக்கு இதில் பொறாமை கிடையாது என்று சொன்னால் பொய். இருந்தது. பொறாமைப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்பதால் சமீபத்தில் விட்டுவிட்டாள்.

சின்னவளின் காகிதத்திலும் அதே இரண்டு வயது குறைவு. பெரியப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம். அலைச்சலில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறந்து, ஏழு வயதில் சேர்க்கும்போது ஐந்து என்று எழுதிவிட்டார்கள். எல்லா வகுப்பிலும் சின்னவள் முதல் மாணவி. ஏழு வயதுப் பெண் ஐந்து வயதுக் குழந்தைகளோடு போட்டி போட்டால் முதலில் வராமல் என்ன செய்வாள்? பிரிந்து வளர்ந்தாலும் பொய் சொல்வதில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

ஒரே வித்தியாசம். பெரியவளுக்கு அந்த இரண்டு வயது திரும்ப வேண்டும். சின்னவளுக்கு அது திரும்பவே கூடாது. அவள் கம்பெனியிலும் ஐம்பத்தெட்டு ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவள் பதினாலாவது மாடிக்குப் போனாள். பேசும் லிப்ட். அது "பதினான்கு" என்று சொன்னதும் பழக்கதோஷத்தில் "சரிங்க" என்றாள்.

கதவைத் திறந்த முகம் அவளுடைய முகம்தான், வேறு வீட்டில் நல்லபடியாகப் பராமரிக்கப்பட்ட முகம். தலைமுடி கறுப்பு. கன்னத்தில் சுருக்கம் இல்லை. கல்யாணங்களிலும் சாவுகளிலும் பார்த்துக்கொண்டதுதான் இருவருக்கும் உள்ள பழக்கம். கடைசியாகப் பார்த்தது சின்னவளின் கணவர் இறந்தபோது. அதுவே ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகன் வேறு தேசத்தில் இருந்தான்.

பெரியவள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். சின்னவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாதுக்கா."

"ஒரு விரலை வைக்கணும். அவ்வளவுதான்டி."

"விரலை வச்ச ஒரு வாரத்துல எங்க ஆபீசுக்கு லெட்டர் போயிடும். இப்ப எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்கான். அடுத்த நாளே பூங்கொத்து குடுத்து அனுப்பிடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? இந்தச் செவுத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை என்று நினைக்கிற ஆளைப் பெரியவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

சின்னவள் தொலைபேசிக் கம்பெனியில் புகார் பிரிவின் தலைவி. டைப்ரைட்டரில் ஆரம்பித்தவள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கற்றுக்கொண்டாள். அது மாறி வேறு கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றாள். இப்போது புகாரைக் கேட்டுப் பதில் சொல்ல மெஷினே வந்துவிட்டது. அந்த மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. அது கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, அவள் பிரிவில் இருந்த நாற்பது பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக அனுப்பி வைப்பதும் அவள் வேலை.

"நாப்பது பேரு. எல்லார்கிட்டயும் ஓய்வு நல்லதுதான்னு சொல்லி அனுப்பிச்சேன். எனக்கே அதுல நம்பிக்கை கிடையாது," என்றாள். அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

பெரியவள் சோபாவில் சாய்ந்தாள். ஒரு நிமிஷம் என்றுதான் சாய்ந்தாள். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. காலில் செருப்பு இல்லை. யாரோ கழற்றி, சோபாவுக்கு அடியில் ஜோடியாக வைத்திருந்தார்கள். எதிரே நாற்காலியில் சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டரை மணி நேரம் தூங்கிட்டே."

"எழுப்பறதுதானே?"

"போயிட்டு வா. யோசிக்கிறேன்," என்றாள் சின்னவள். யோசிக்கிறேன் என்பதற்கு எல்லா வீட்டிலும் ஒரே அர்த்தம்தான். பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும் அவள் வீட்டுக்காரர் "என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "லிப்ட் நல்லாப் பேசுது" என்றாள்.

மாதக் கடைசி நாள். ஜன்னல் மூட ஒரு மணி நேரம் இருக்கையில், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த பெரியவள் திடுக்கிட்டாள். பதிவறை பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் உடை, தோளில் பை, முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு.

"சீக்கிரம் வா. மனசு மாறறதுக்குள்ள வச்சிடலாம்," என்றாள்.

எழுத்தர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடிச் சில்லு பதித்த சின்னப் பெட்டியை முன்னால் தள்ளினார். யார் முதலில் என்ற பேச்சே எழவில்லை. சின்னவள் எதிலும் தயங்கி நிற்கிற ஜாதி இல்லை. கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுகணம் அவளுக்கு ஐம்பத்தெட்டு.

பெரியவள் வைத்தாள். சிவப்பு.

"அழுத்தி வைங்கம்மா."

அழுத்தி வைத்தாள். சிவப்பு. விரலைத் துணியில் துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், இடது கையை வைத்தாள். எழுத்தர் பெட்டியைத் துடைத்தார், பெட்டியை மாற்றினார். பத்து விரலும் வைத்தாயிற்று, பத்தும் சிவப்பு. கடைசியில் அவர் அவள் கையை வாங்கி மேஜை விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார். தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி, கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"சலவை."

"கையுறை தரமாட்டாங்களா?"

தருவார்கள். பெட்டி பெட்டியாக இருந்தது. போட மாட்டார்கள். கையுறை போட்டால் விரிப்பின் மடிப்புக்குள் கிடக்கும் ஊசி தட்டுப்படாது. அது தேய்க்கும் உருளைக்குள் போனால் அடுத்து மடிக்கிறவள் கையில் ஏறும். அதனால் சலவைக்கூடத்தில் பழகின கை எல்லாமே வெறுங்கை. காரம், வெளுப்புத் தூள், கொதிநீர். முப்பத்திரண்டு வருஷத்தில் தன் விரலிலிருந்து கோடுகள் போய்விட்டன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இதுவரை கையெழுத்துதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணும் நிரந்தரமா போகலைம்மா," என்றார் எழுத்தர். குரல் இறங்கியிருந்தது. "செங்கல் சூளை ஆளுங்க வருவாங்க, இதே கதைதான். ரெண்டு மூணு மாசம் கைக்கு வேலை குடுக்காம, தண்ணியில வைக்காம ஆறப்போட்டா திரும்பி முளைச்சிடும். ஒருத்தர் வச்சாச்சு, அதனால பதிவேட்டுல உங்க வரி தொண்ணூறு நாள் திறந்திருக்கும். அதுக்குள்ள வந்து வைக்கலைன்னா உங்களுக்குப் பழைய வயசேதான்."

ஓய்வு எடுக்க வேண்டுமானால் முதலில் ஓய்வு எடுக்க வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சின்னவளைப் பார்க்கவே கூசியது. தனக்கு வேண்டியது கிடைக்காமல், அவளுக்கு வேண்டாதது மட்டும் நடந்து முடிந்துவிட்டது. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், "உன்னைக் கெடுத்துட்டேனேடி," என்றாள்.

சின்னவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது.

"இப்ப காகிதத்துல எனக்கு அம்பத்தெட்டு. உனக்கு அம்பத்தாறு. இனிமே நீதான் என்னை அக்கான்னு கூப்பிடணும்."

"எதுக்குடி வந்தே? மாட்டேன்னுதானே சொன்னே?"

"அன்னிக்கு நீ தூங்கினியே," என்றாள் சின்னவள். "கண்ணாடியில பார்க்கிற முகம் எப்பவும் முழிச்சிட்டுதான் இருக்கும். என் முகம் தூங்கிப் பார்த்தது அன்னிக்குத்தான். அவ்வளவு அசந்து போயிருந்ததுக்கா. என்னால அதுக்கு மேல உட்கார்ந்து பார்க்க முடியலை."

மருத்துவ விடுப்பு பெரியவள் கணக்கில் மலைபோல் குவிந்து கிடந்தது. முப்பத்திரண்டு வருஷமும் காய்ச்சலோடுகூட வேலைக்குப் போனவள் அவள். தோல் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் எழுதிக் கொடுத்தார். ஆனால் வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று சின்னவள் ஒரே பிடியாக நின்றாள். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் தின்ற தட்டைக் கழுவ வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. "போயிட்டு வா, நான் ரொட்டியைத் தின்னு சமாளிச்சுக்கிறேன்," என்று தியாகி மாதிரி வழியனுப்பினார்.

அப்படித்தான் ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து இருவரும் ஒரு கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். உடன்பிறப்பு என்று சொல்லிக்கொண்டாலும் பெரியவளுக்கு அது அந்நியர் வீடு. சின்னவளுக்குச் சாப்பிடும்போது பேசினால் பிடிக்காது. பெரியவள் குறட்டை விடுவாள். முதல் இரண்டு வாரம் பெரியவள் தூங்கினாள். சாப்பிட எழுந்தாள், மறுபடி தூங்கினாள். எவ்வளவு தூங்கியும் அடியில் இன்னும் தூக்கம் மிச்சமிருந்தது.

சின்னவளுக்குப் பூங்கொத்து வந்துவிட்டது. மேஜைமேல் வாடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் காலையில் ஏழு மணிக்குக் குளித்து, ஆபீஸ் உடையை உடுத்தி, தலைவாரிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவாள். போனைப் பார்ப்பாள். அது அடிக்காது. பத்து மணிக்கு எழுந்து உடையை மாற்றிக்கொள்வாள். பெரியவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். வேலை செய்து வருகிற களைப்புதான் களைப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வேலை போய்விட்டதால் வருகிற களைப்பு அதைவிட மோசம், அது தூங்கினாலும் போகாது போலிருந்தது.

வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டுச் சின்னவளே சமைத்தாள், துடைத்தாள், கழுவினாள். எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஒருநாள் பெரியவள் பொறுக்க முடியாமல், யாரும் இல்லாத நேரத்தில் ஒரு கோப்பையைக் கழுவி வைத்தாள். கவிழ்த்து வைத்த விதத்திலேயே சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கோப்பையை யார் கழுவினது?"

"அதுவா கழுவிக்கிச்சு."

"ஒரு வாரம் போச்சு! என் வேலையைக் குடுத்து வாங்கின விரல் அது. தண்ணியில வச்சா கையை வெட்டிடுவேன்," என்று சின்னவள் கத்தினாள். பெரியவளுக்கும் கோபம் வந்தது. "நான் கேட்டேனா?" என்றாள். கேட்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை இருவரும் பேசவில்லை. அதற்கப்புறம்தான் ஏனோ அது அந்நியர் வீடாக இல்லை.

தினமும் காலையில் சின்னவள் அவள் கட்டைவிரலைப் போனில் படம் பிடிப்பாள். நாற்பது நாள் வரை ஒன்றும் இல்லை. ஐம்பதாவது நாள் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கோடு. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எண்பத்து மூன்றாம் நாள், "நாளைக்குப் போகலாம்," என்றாள் சின்னவள்.

பெரியவளிடம் நல்ல சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெள்ளை. "இதை மெஷின்ல போடாதே, தையல் விட்டுடும்," என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். சின்னவள் குட்டி முக்காலியில் முழங்கால் மடங்க உட்கார்ந்து, வாளியில் அந்தச் சட்டையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற லட்சணத்தைப் பார்த்தாலே துணி சிரிக்கும். பெரியவள் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பதிவறையில் எழுத்தர் பெட்டியைத் தள்ளினார். சிவப்பு. சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துத் தன் எண்பது படங்களில் பார்த்துப் பழகிய பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். பச்சை.

"அம்பத்தெட்டு ஆயிடுச்சும்மா," என்றார் எழுத்தர். "வீட்டுக்குப் போய் உட்காருங்க." ஒரு பெப்பர்மிண்டை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. இத்தனை நாளாக எங்கேயோ தள்ளி நின்றுகொண்டிருந்த வயது எல்லாம் ஒன்றாக வந்து மடியில் ஏறியதுபோல் உடம்பு கனத்தது. அழுகை வந்தது, அழுதாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்கியிருந்த அவள் சட்டைக் கழுத்தைச் சரிசெய்யக் கையை வைத்தாள். வைத்த கை நின்றது.

"ஐயோ, அழுக்கு அப்படியே இருக்கே! சோப்புகூடப் போகலை. காலையில போடும்போதே நீ பார்க்கலையாக்கா?"

பார்த்திருந்தாள். எத்தனை ஆயிரம் துணியின் கறையைக் கண்ணாலேயே எடை போட்டவள் அவள். கழுத்து ஓரம் பட்டை பட்டையாக அழுக்கு, அலசாத சோப்பில் காலையிலிருந்து கழுத்து அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அம்மா போன பிறகு, இன்னொருத்தி தன் கையால் துவைத்துக் கொடுத்த துணியை அவள் உடுத்தியது அன்றைக்குத்தான்.

"பார்க்கலைடி," என்றாள் பெரியவள். "வயசாயிடுச்சில்ல, கண்ணு தெரியலை."